சின்னக் குறை ஒன்று மட்டும்

வீட்டில் எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் இன்னும் வரவில்லை. அதனாலென்ன, கல்யாணப் பேச்சின்போதே மாமனார் ஆரம்பித்து வைத்துவிட்டார். இனி வராமல் போனால் அந்த மனுஷன் முகத்தில் விழிக்க முடியாது.

ஆன்லைன் கடைகளில் சனங்கள் எழுதும் ரிவ்யூக்களில் எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவன் ஆராய்ச்சி. மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விதியைப் பிடித்தான்: வாயாரப் புகழ்ந்துவிட்டு, போகிறபோக்கில் ஒரு சின்னக் குறையும் சொல்கிறவர் பொய் சொல்லமாட்டார். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! கைடு தோளில் தட்டிக்கொடுத்தார். விதி இருந்த அத்தியாயத்தை மனைவி உட்கார்ந்து டைப் அடித்தாள்.

அப்புறம்தான் வீட்டுக்குப் பார்சல் வர ஆரம்பித்தது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மேஜை விளக்கு. கட்டிலுக்கடியில் இடமில்லை.

“இதெல்லாம் ஏது?”

“ரிவ்யூ எழுதினா கம்பெனிக்காரங்க சும்மா அனுப்பறாங்க,” என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டே.

“ஒண்ணைக்கூடப் பிரிக்கலையே?”

“பிரிச்சா அப்புறம் யாருக்காவது பரிசாக் கொடுக்க முடியுமா? மிக்ஸி பிரமாதம், வயர் மட்டும் கொஞ்சம் குட்டைன்னு போட்டேன். உங்க விதிதானே? நல்லா வேலை செய்யுது.”

அவன் ஓடிப்போய் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினான். விதியைச் சோதித்துப் பார்த்த இடத்தில், நேர்மைக்கு உதாரணம் என்று அவன் மெச்சியிருந்த மிக்ஸிக்காரர் இவள்தான். அதையும் இவளேதான் சிரிக்காமல் டைப் அடித்திருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. மாமனார் முகம் கண்முன்னால் வந்து நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு ஆய்வேட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டான். ஆனால் பயம் விடவில்லை. பரீட்சகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார், அந்த மிக்ஸியில் மாட்டிக்கொள்வோம் என்று சோறு இறங்கவில்லை, பாவம்.

பரீட்சகரின் அறிக்கை வந்தது. ‘அருமையான ஆய்வு. துறைக்குப் பெரிய வரவு. அட்டை மட்டும் சற்றுத் தளர்வாக இருக்கிறது. பட்டம் வழங்கலாம்.’

மாமனார் போனில் ஊரையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மட்டும் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தான். மின்னஞ்சலில் போனதற்கு ஏது அட்டை?

மனைவி எட்டிப் பார்த்து ஒரே ஒரு தடவை படித்தாள்.

“இவரும் பெட்டியைப் பிரிக்கலைங்க,” என்றாள்.