ஆர்வமில்லாத மாணவிகள்

அரூர்ப் பக்கம் மரவள்ளி போடும் வீட்டில் முதல் பட்டதாரி சசிகலா. கல்யாணமாகிச் சேலத்தில் இருந்துகொண்டு, தருமபுரிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குச் சக பேராசிரியர்களோடு வேனில் வந்துபோனாள். வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் வேன் நின்றுவிடும். அதனால் வகுப்புகளைப் பதினோரு மணிக்குத் தொடங்கினார்கள். முடிவதற்குள் அரூர் பஸ் போய்விடும். அந்தப் பக்கத்து மாணவிகள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டார்கள்.

காரணம் கேட்டு அரசிடமிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் மன்றம் கூடியது. "மாணவிகளுக்கு ஆர்வமில்லை" என்ற பதிலை வாசித்துவிட்டு, தலைவர் பச்சியப்பன், "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?" என்றார்.

"இல்லைங்க சார். நம்ம வேனுக்காகத்தான் அந்தப் புள்ளைங்க பஸ்ஸை விடுதுங்க" என்றாள் சசிகலா.

"மேடம் நாளைக்கு நடந்தே வந்துருவாங்க போல" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பச்சியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "இப்படி எழுதுனா ஒம்பது மணிக்கே வகுப்பு எடுக்கச் சொல்லுவாங்கம்மா. அப்புறம் உங்க பையனை யாரு ஸ்கூலுக்குக் கிளப்புவாங்க?"

"என் மறுப்பைச் சேத்து அனுப்புங்க சார்" என்று மட்டும் சொன்னாள் சசிகலா.

அனுப்பினார்கள். அரசின் பதில் வருவதற்கு முன்பே அவள் கணவாய்க்கு இந்தப் பக்கம், பல்கலைக்கழகத்துக்குக் கிட்டே இருக்கும் நல்லம்பள்ளியில் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தாள்.