இரண்டு தடவை தோற்ற பைலட்டின் சட்டை

துணி தேய்க்கும் தொழிலில் சட்டையோடு சேர்ந்து அபிப்பிராயமும் மேசையில் வந்து விழும். சட்டைக்குத்தான் கூலி, அபிப்பிராயம் இலவசம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் இஸ்திரிக் கடை ஒரே ஒரு அறை. நானும் என் வீட்டுக்காரரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தேய்ப்போம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஒரே மகள் ரேவதி பைலட் வேலைக்குப் படித்தாள். அரசாங்க உதவித்தொகை கொஞ்சம் கிடைத்தது, மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தோம். அவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் மூவரும் இந்தக் கடைக்குள்தான் படுக்க வேண்டும். படித்து முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் பதில் சொல்பவர்களே, இது உங்களுக்காகத்தான்.

பேன்ட்டில் இரண்டு கோடு

பயிற்சியில் முதல் பரீட்சையிலேயே ரேவதி தோற்றாள். இறங்கும்போது விமானம் அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வந்துவிட்டதாம். அப்படி வந்தால் இறக்கக் கூடாது; மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, புதிதாக வர வேண்டும். பரீட்சை அதிகாரி பக்கத்தில் காத்திருக்கிறாரே, நேரமாகிறதே என்று இவள் பிடிவாதமாக இறக்கிவிட்டாள். விமானம் தரையில் மோதித் துள்ளியிருக்கிறது.

போனில் இதைக் கேட்டுக்கொண்டே நான் வங்கி மேனேஜரின் பேன்ட்டைத் தேய்த்தேன். பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு மடிப்பு விழுந்து, தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு நின்றது. இந்தத் தொழிலில் இதுதான் பெரிய அவமானம். அதன் மேலேயே அழுத்தினால் இரண்டும் இன்னும் உறைந்துபோகும். தண்ணீர் தெளித்து, பிரித்து, தையலோடு தையல் சேர்த்து முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மகள் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வருத்தம்தான் சேச்சி. ஆனா பிளேன் மகளோடது, பேன்ட் என்னோடது."

டீச்சரின் கஞ்சிப் புடவை

இரண்டாவது தோல்வி வேறு மாதிரி. வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மேல் மறைப்பு கட்டி, எதிரே உள்ள மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்வார்களாம். உயரத்தைக் கவனித்தாள், திசை விலகிவிட்டது. முதலாவதைப் போல அதையும் அடுத்த தடவை தேறி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனால் தெருவில் லைசென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் வாரம் தவறாமல் கஞ்சி போட்ட புடவை கொண்டுவருவார். "எத்தனை தடவை தோத்தா?" என்று கேட்டார். "இரண்டு" என்றேன். பின்னால் நின்றவருக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன். டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நான் மெதுவாத்தானே கேட்டேன் செல்வி, நீ எதுக்கு ஊருக்கே சொல்லிண்டிருக்கே?"

ஏஜென்ட்டின் யோசனை

ஒரு விமானக் கம்பெனி ஆள் எடுத்தது. பயிற்சியில் எப்போதாவது தோற்றதுண்டா என்பது விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர். "இல்லைன்னு போட்டுடச் சொல்லுங்க. உண்மையை எழுதி வேலை வாங்கின ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார். நானும் கொஞ்சம் ஆடிப்போய் ரேவதியிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வையின் சூட்டில் கரி இஸ்திரிப்பெட்டி தோற்றது. "ரெண்டுன்னு எழுதி அனுப்பியாச்சும்மா" என்றாள்.

அதைப் போய் ஏஜென்ட்டிடம் சொன்னேன். அவர் என் எதிரேயே தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய சட்டை தயாராக மேசைக்கு அடியில் இருந்தது. "இன்னும் ஆகலை, சாயங்காலம் வாங்க" என்றேன். சாயங்காலம் வந்தபோது, "நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாள் சட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேத்தே தேய்ச்சு வெச்ச சட்டைதானே சேச்சி? சூடே இல்லை."

ஷாஜியின் சந்தேகம்

ஷாஜி டாக்ஸி ஓட்டுகிறவன். நெடும்பாசேரி விமான நிலையத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் அலைவதால் விமானத் துறையே தனக்குக் கீழே இருப்பதாக நினைப்பு. "ரெண்டு தடவை தோத்த பைலட் ஓட்டற பிளேன்ல சேச்சி ஏறுவீங்களா?" என்று கேட்டான். டிரைவிங் டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே ரிவர்ஸில் 'எச்' போடச் சொல்வார்களே, அதற்கு நீ எத்தனை தடவை போனாய் என்று கேட்டேன். நெளிந்தான். வீட்டுக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் ஷாஜி சொன்னான்: "அது மூணு தடவை. ஆனா என் வண்டி முன்னாலேயே தரையிலதானே சேச்சி இருக்கு?"

வெள்ளைச் சட்டை

கம்பெனி ரேவதியை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. பெங்களூர் போக வைட்டிலாவில் பஸ் பிடிக்க வேண்டும். வாசலில் ஆட்டோ நிற்கிறது. இருபது வருடம் ஊர்ச் சட்டையெல்லாம் தேய்த்த எனக்கு, மகளின் வெள்ளைச் சட்டைக் கையில் இரட்டைக் கோடு விழுந்தது. நேரமில்லை, மேலேயே ஒரு அழுத்து அழுத்திவிடலாம் என்று பெட்டியைத் தூக்கினேன். ரேவதி என் கையைப் பிடித்து நிறுத்தி, கிண்ணத்துத் தண்ணீரை எடுத்துச் சட்டையில் தெளித்தாள். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அவளும் எனக்கு வாடிக்கைக்காரிதான், அதனால் அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்: "மறுபடி முதல்லேருந்து தேய்ம்மா. நேரமாச்சுன்னு இறக்கித்தான் நான் தோத்தேன்."

மூன்றாவது தோல்வி

ரேவதி திரும்பி வந்து பையைக்கூட இறக்கவில்லை, "அனேகமா இதுவும் போச்சும்மா" என்றாள். நேர்முகத் தேர்வில் இரண்டு தோல்வியையும் கேட்டார்களாம். ஒன்றும் மழுப்பாமல் சொல்லியிருக்கிறாள். பிறகு, விமானம் மாதிரியே ஆடும் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கும் நேரத்தில் பக்கக் காற்று தள்ளியது, உயரமும் சரியாக அமையவில்லை. இவள் இறக்காமல் மேலே ஏறிவிட்டாள். மறுபடி சுற்றி வருவதற்குள் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் இறக்கிக் காட்டினார்கள். இவள் மட்டும் காட்டவில்லை.

நான் அந்த வாரம் இரண்டு காலரைக் கருக்கினேன். வேலை கொடுத்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது ரேவதி நம்பவில்லை. "நான் விமானத்தை இறக்கவே இல்லையே" என்று அவர்களிடமே கேட்டிருக்கிறாள். தேர்வு செய்த கேப்டன் சொன்ன பதில் இது: "அதனாலதான் வேலைக்குக் கூப்பிட்டேன். முன்னாடி ஒரு தடவை பிடிவாதமா இறக்கித் தோத்தேன்னு சொன்னீங்களே, இப்ப என்ன பண்றீங்கன்னு பார்க்கணும்னு இருந்தது."

சட்டை வாங்க வந்தவர்கள்

செய்தி தெருவில் பரவியது. டீச்சர் புடவையே இல்லாமல் வந்து விசாரித்துவிட்டுப் போனார், இந்தத் தடவை உரக்கவே. ஷாஜி ரேவதியை விமான நிலையத்துக்குத் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்றுக்கொண்டான். ஏஜென்ட் நான்கு சட்டைகளை மேசையில் வைத்து, கடையில் நின்ற எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அன்னைக்கே சேச்சிகிட்ட சொன்னேன், உள்ளதை உள்ளபடி எழுதணும்னு."

வேலையில் சேர்ந்த பிறகும் பைலட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை உண்டாம், எனவே வாடிக்கைக்காரர்கள் தங்கள் அபிப்பிராயங்களைத் தொடர்ந்து சட்டையோடு கொண்டுவரலாம். ஏஜென்ட்டின் சட்டை மட்டும் வழக்கம்போல் ஒருநாள் தாமதமாகும்.