பெண்கள் தள்ளும் கிள்ளான் ராட்டினம்

இந்தப் பத்திரிகையில் காசிக்கும் கப்பலேறிச் சீமைக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது கிள்ளானுக்கு. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். இதை ஒரு பயணம் என்று எழுத வந்ததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன் பேசவே எனக்குக் கூச்சம். எழுதுவது அதைவிடக் கொஞ்சம் எளிதாக இருக்கிறது, அவ்வளவுதான். குடும்பத்துப் பெண்கள் நிம்மதியாகப் போய் வர அந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. அதையாவது சொல்லிவிடலாம் என்று தொடங்குகிறேன்.

சென்ற மாதம் நான் கற்பிக்கும் பெண்கள் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. என் அண்ணன் மனைவி பார்வதி அண்ணி கிள்ளானுக்கு அருகே கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து ஓராண்டாகிறது. கிள்ளானில் உள்ள கேளிக்கை இடமான ராட்டினத் தோட்டத்தைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வாசல் வளைவில் அந்தப் பெயரின் பாதி எழுத்துகள் விழுந்துவிட்டதால் நம்மவர்கள் சொல்லும் பெயரே போதும். மற்ற நாட்களில் அங்கே மாலையில் ஆண்கள் காசு கொடுத்துப் பெண்களோடு ஆடும் ஜோகெட் ஆட்டமும் குத்துச்சண்டையும் நடக்கும். நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். வியாழக்கிழமை மட்டும் மதியம் பன்னிரண்டு மணி முதல் ஐந்து வரை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. ஆண் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. வாசல் காவலாளிகூட வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த விடுமுறை வியாழனன்று நானும் அண்ணியும் காலை பத்து மணி வண்டியில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். சீட்டு ஆளுக்கு ஐம்பத்தைந்து காசு. பெண்கள் பெட்டி இன்ஜினுக்கு அடுத்தது, கரி பறக்கும். வெள்ளைச் சேலை வேண்டாம் என்று அண்ணி சொன்னதைக் கேட்காமல் போய் நான் புள்ளி விழுந்த சேலையோடு இறங்கினேன். பெட்டாலிங் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் பால் மரங்கள்தான். பத்து தீகா நிலையத்தில் வண்டி நின்றபோது ஒரு சீனப் பெண்மணி கூடை நிறைய வாத்து முட்டையுடன் ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் கூடையை வைத்து, கிள்ளான் வரை அதைக் காவல் காக்கும் பொறுப்பைக் கண்ணாலேயே எங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

கிள்ளான் நிலையத்திலிருந்து தோட்டம் முக்கால் மைல். ரிக்‌ஷாக்காரர் முதலில் இருபது காசு கேட்டார். அண்ணி மலாயில் அவருடைய குடும்ப நலத்தையெல்லாம் விசாரித்து, பத்துக்கு இறக்கினார். நடந்தே போகலாம், ஆனால் நடுவில் நிழல் இல்லை.

ரப்பர் நல்ல விலைக்கு விற்ற காலத்தில் ஒரு சீன முதலாளி, நம்மவர் சொல்லும் தவுக்கே, கட்டிய தோட்டம் அது. அப்போது ஆயிரம் விளக்கு எரிந்ததாகச் சொல்கிறார்கள். விலை விழுந்த பிறகு எவரும் அதில் ஒரு டப்பாச் சாயம்கூடச் செலவழிக்கவில்லை என்பது நுழைந்ததுமே தெரிந்துவிடும். கடைகளில் பாதி பலகை வைத்து அடைத்திருக்கிறது. படகுக் குளத்தில் நான்கு படகுகள், மூன்று மிதக்கின்றன. பேய் வீட்டில் ஒரு பேய்க்குக் கை இல்லை, இன்னொன்றின் தலையில் குருவி கூடு கட்டியிருக்கிறது. குழந்தைகள் பேயைப் பார்க்க அல்ல, குஞ்சுகளைப் பார்க்கத்தான் உள்ளே போகிறார்கள். குத்துச்சண்டை மேடையில் உப்பிட்ட எலுமிச்சம்பழத் துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

கண்ணாடிக் கூடத்தில் ஒரு கண்ணாடி நம்மைப் பனைமரம் போல நீட்டிக் காட்டுகிறது. அண்ணி அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"இந்த உசரம் இருந்திருந்தா எங்கப்பா என்னைய ஏணி இல்லாமலே பால் வெட்ட அனுப்பியிருப்பாரு," என்றார்.

எல்லாம் பழசு. ஆனாலும் பெண்கள் சிரிக்கும் சத்தம் அந்த இடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. தலையில் முக்காடு நழுவினால் நழுவட்டும் என்று ஓடுகிற மலாய்ப் பெண்களையும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற சீன அம்மாக்களையும், புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து கச்சாங் கடலை கொறிக்கிற நம் பெண்களையும் நான் வேறெங்கும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. நானும் காலை நீட்டினேன். நாலாண்டு சென்னையில் விடுதியில் இருந்தபோதுகூடப் பொது இடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

இந்த வியாழக்கிழமையை நடத்துகிறவர் மேரி அக்கா. கணவர் இறந்த பிறகு சீட்டு விற்க வந்தவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. சீட்டுக் கூண்டுக்குப் பின்னால் உள்ள அறைதான் அவர் வீடு. எலுமிச்சம்பழமும் அவருடையதுதான்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ராட்டினத்தைச் சுழற்றிய எண்ணெய் இன்ஜின் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோனது. அது ஓடியிருந்தாலும் ஓட்டுகிறவர் ஆண். வியாழக்கிழமை அவரை உள்ளே விட முடியாது. அதனால் மேரி அக்கா நடுத்தூணில் நான்கு நீளக் கழிகளைக் கட்டினார். ஏறுகிறவர்கள் இரண்டு காசு கொடுத்து ஒரு முறை சுற்றலாம். சுற்றி முடித்ததும் இறங்கி அடுத்தவர்களுக்காக ஒரு முறை தள்ள வேண்டும். நகை போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் இதே சட்டம். கிள்ளானில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு வீட்டு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்ணைச் சுற்றிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

இனி என் தவறு. ராட்டினத்தில் பதினோரு குதிரைகளும் ஒரு மயிலும் உண்டு. குதிரைகளின் முதுகில் சாயம் போய் மரம் தெரிந்தது. மயில் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் பளபளத்தது. ஏற்கெனவே கரிப்புள்ளி விழுந்த சேலைக்கு அதுவே நல்லது என்று நினைத்து நான் மயிலின் மேல் ஏறி உட்கார்ந்தேன். கழிகளைப் பிடித்திருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இறங்கு இறங்கு," என்று அண்ணி ஓடி வந்தார். "அது முருகன் வண்டி. அதுல யாரும் ஏற மாட்டாங்க."

குனிந்து பார்த்தால் மயிலின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் கதம்பம். கேரி தீவிலிருந்து காலை வேலை முடிந்து படகிலும் லோரியிலும் வருகிற பெண்கள் அதற்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டிவிட்டுத்தான் மற்ற குதிரைகளில் ஏறுவார்களாம். மயிலோடு சேர்ந்து சுற்றினால் சுற்றுப்பிரகாரம் வந்த கணக்கு. பல ஆண்டுகளாக யாரும் உட்காராததால்தான் அதன் சாயம் அப்படியே இருக்கிறது. நான் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மேலேயே தங்கிவிட்டது. அது தனிக் குற்றம்.

மேரி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மெட்ராஸ்ல பி.ஏ. படிச்சியாமே. மயிலு பாடத்துல வரலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவர் முந்தானையால் மயிலின் முதுகைத் துடைத்து, செருப்பை எடுத்துக் கொடுத்து, சரிந்த பூவை நேராக்கினார். ஜெபமாலை அணிந்தவர் இதைச் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நான் மாதாகிட்ட வேண்டிக்கிறவ," என்றார். "ஆனா நம்ம இடத்துக்கு வர்றவங்க சாமிய நம்மதான துடைக்கணும்."

நாங்கள் குதிரையில் சுற்றினோம். மெதுவாகத்தான் சுற்றும், தோட்டம், குளம், ஆற்றுப் பக்கத்துத் தென்னைகள், மறுபடி தோட்டம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முறை வந்து தள்ளத் தொடங்கினோம். பாதிச் சுற்றில் தூணின் அடியிலிருந்து ஓர் அரைபடும் ஓசை எழுந்து, கழி என் கையில் ஒரு குலுக்குக் குலுக்கியது. ராட்டினம் நின்றது. என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இரும்பு பித்தளையைத் தின்னும் ஓசை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மேரி அக்கா பெண்களைப் புல்லுக்கு அனுப்பிவிட்டு, மண்டியிட்டுத் தூணின் அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் மஞ்சளாகப் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. தூணைத் தாங்கும் பித்தளைக் கிண்ணம் தேய்ந்து விரிசல் விட்டிருக்கிறது என்றார். நான் அருகில் உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னார். தவுக்கே கெட்டவர் இல்லை. இவரை இத்தனை ஆண்டு வைத்திருப்பவர். வியாழக்கிழமை வருமானம் விளக்குக்கு எண்ணெய் வாங்கக்கூடப் போதாது என்று தெரிந்தும் விட்டு வைத்திருப்பவர். ஆனால் ராட்டினம் இல்லாமல் வியாழக்கிழமைக்கு யார் வருவார்கள்? ஊர்ப் பட்டறை ஒன்றில் கேட்டதற்கு அவர்கள் சொன்ன கூலிக்குப் புது ராட்டினமே வாங்கலாம் என்று தவுக்கே கையை விரித்துவிட்டார்.

"சீனப் பெருநாள் வரைக்கும் பாப்பேன்னுட்டாரு. அதுக்குள்ள இது ஒழுங்கா சுத்துனா இருக்கட்டும். இல்லேன்னா இரும்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான். வியாழக்கெழமையும் ஜோகெட்டு."

"நீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"ஜோகெட்டுக்கு சீட்டு விக்க என்னைய வைப்பாங்களா? ரூம காலி பண்ணணும்." சாவிக்கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டார். "என் கதைய விடு. இவங்க எங்க போவாங்க சொல்லு."

புல்லில் இருந்த பெண்கள் ராட்டினம் நின்றதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு மலாய் அம்மா தன் கச்சாங்கை ஒரு தமிழ்க் குழந்தைக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து மேரி அக்கா தூணில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றி, ஐந்து பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று சொல்லி மறுபடி தொடங்கினார். நாங்கள் கிளம்பும்போது அது முனகிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்து மணி வண்டி வசதி. திரும்ப ஆறு மணி வண்டி. நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்குப் பத்துக் காசு, குழந்தைகளுக்கு இல்லை. குடை கட்டாயம். உள்ளே ஐஸ் உருண்டையும் வடையும் கிடைக்கும். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். மூன்றாவது படகைத் தவிர்க்கவும், அது எப்போது நான்காவது படகின் கதிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தள்ளுவதற்குத் தோதான பருத்திச் சேலை உடுத்துங்கள். மயிலில் ஏறாதீர்கள். மாமியாரை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். அன்று எங்களைவிட அதிகமாகச் சுற்றியவர்கள் மாமியார்கள்தான்.

அந்த இடம் அழகானது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சாயம் உரிந்த, மழை ஒழுகுகிற இடம். ஆனால் ஒரு பெண் முன்பின் அறியாத இன்னொரு பெண்ணைச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பதை இந்த ஊரில் வேறெங்கே பார்க்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் அதை நான் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறேன். அங்கே அது தானாக நடக்கிறது.

இனி ஒன்று பாக்கி. முதல் வரியிலிருந்து தள்ளிப்போட்டு வந்தேன். இது வாசகர்கள் எல்லோருக்கும் அல்ல, ஒரே ஒரு வாசகருக்கு.

அப்பா, அன்று இரவு மயில் கதையைச் சொன்னபோது நீங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். கிண்ணத்தின் கதையையும் சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணி மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கூடப் பார்த்தார். என்னால் முடியவில்லை. நான் சென்னையில் படித்த நாலாண்டும் நீங்கள் பட்டறை வேலை முடிந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வெளிவேலை பார்த்தீர்கள். நான் பட்டம் வாங்கி வந்த அன்று கருவிகளுக்கு எண்ணெய் தடவி, பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, இனி இது போதும் என்றீர்கள். அதைத் திறக்கச் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

ஆனாலும் கேட்கிறேன். எனக்காக இன்னும் ஒரே ஒரு முறை அதைத் திறப்பீர்களா? பித்தளைக்கான பணத்தைத் தவுக்கே கொடுப்பார், கேட்டுவிட்டோம். வியாழக்கிழமை உங்களை உள்ளே விடமாட்டார்கள், புதன்கிழமை காலை போகலாம். இதை நீங்கள் படிக்கும்போது நான் அடுக்களையில்தான் இருப்பேன். பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டால் வந்து ஒரு பக்கத்துக் கைப்பிடியை நான் பிடித்துக்கொள்வேன்.