பூர்ணிமாவின் வெள்ளாடு எழுதிய அனந்தலக்ஷ்மி

டெக்ஸாஸின் பிளானோ நகரில் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. கொலுப்படி கட்ட, பிரசவ வீட்டுக்குப் பத்தியச் சமையல் கேட்க, எல்லாவற்றுக்கும் அவருக்குத்தான் போன். ஆனால் ஆன்ட்டி ஒரு நாவல் எழுதியவர் என்று சொல்லிப் பாருங்கள், "எந்த ஆன்ட்டி?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? புத்தகம் கண்ணில் பட்டால்தானே!

எண்பதுகளில் கணவர் சுந்தரராமனுக்கு மேற்கு டெக்ஸாஸில் வேலை. எண்ணெய்க் கிணறுகளைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அங்கே அவர்கள் மட்டும்தான் இந்தியர்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அனந்தலக்ஷ்மி ஆங்கிலத்தில் எழுதிய சிறுவர் நாவல்தான் ‘பூர்ணிமாவின் வெள்ளாடு’. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கண்காட்சிக்கு ஆடு வளர்க்கிறார்களே என்று பூர்ணிமாவும் ஒன்று வளர்க்கிறாள். ரங்கன் என்று பெயர் வைக்கிறாள். கண்காட்சி முடிந்ததும் ஆடுகள் ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து கறிக்குப் போகும் என்பதை முட்டைகூடச் சேர்க்காத வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்டினில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சிட்டது. அச்சிட்ட கையோடு பதிப்பகத்தையும் மூடிவிட்டார்கள். ஆசிரியருக்கென்று ஒரு பெட்டி நிறையப் பிரதிகள் வந்தன. வேறு யாராவது என்றால் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருப்பார்கள். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? அதற்குள் ஹூஸ்டனுக்குக் குடிபோயிருந்தார்கள். அந்த வருடம் கொலுவுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துண்டோடு ஆளுக்கொரு நாவலையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். கொலுப் பைகளின் கதி நமக்குத் தெரியாதா? இந்த வருடம் வந்தது அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்குப் போகும். வாரிக் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒன்று எடுத்துவைக்கத் தோன்றவில்லை.

பிறகு பிளானோவுக்குக் குடிவந்தபோது மிஞ்சியது வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் இருந்த ஒரு பிரதிதான். அங்கே யாரும் எடுக்காத புத்தகங்களை அவ்வப்போது களைந்துவிடுவார்கள். அதனால் அனந்தலக்ஷ்மியே போய்த் தன் புத்தகத்தை இரவல் எடுப்பார், திருப்பி வைப்பார், சில மாதம் கழித்து மறுபடி எடுப்பார். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் என்றைக்காவது ஒரு குழந்தை கை நீட்டினால் ரங்கன் அந்த அலமாரியில் இருக்க வேண்டுமே! அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜைக்கு அந்தப் புத்தகத்தைத்தான் அடுக்கின் உச்சியில் பட்டுத்துணி சுற்றி வைப்பார். இந்த வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை. நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பூஜை வேலை சுந்தரராமன் தலையில் விழுந்தது. மனிதர் பக்தி சிரத்தையாகச் சந்தனத்தைக் குழைத்தார், குங்குமத்தை எடுத்தார், கணக்குப் புத்தகம் முதல் கார் மேனுவல் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நூலகப் புத்தகத்துக்குப் பெரிய பொட்டாகவே வைத்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை தொடக்கூடாது என்பதால் அது ஓர் இரவு முழுக்க ஊறியது. காலையில் பழைய துணி அட்டை முழுவதும் சிவப்பு.

"என்னன்னா இது! லைப்ரரி புக்குக்குப் போய் யாராவது பொட்டு வைப்பாளா?"

"நீ எழுதினதாச்சேன்னு ஸ்பெஷலா வச்சேன்டி."

திட்டவும் முடியவில்லை. துடைக்கத் துடைக்கக் கறை உள்பக்கம் வரை இறங்கியது.

முழங்கால் கொஞ்சம் தேறியதும் இருவரும் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போனார்கள். நூலகப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். சேதமான புத்தகம் அலமாரிக்குத் திரும்பாது, வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். இதே புத்தகம் நல்ல நிலையில் வேறொன்று கொண்டுவந்தால் அதன் இடத்தில் வைக்கலாம்.

காரில் ஏறியதும் சுந்தரராமன், "போனாப் போறது, நம்ம கைக்கே வந்துடுத்தே. நல்லதுதானே?" என்றார்.

"நம்மாத்துல இருந்தா எந்தக் குழந்தை வந்து எடுக்கும்?" என்று கேட்டுவிட்டு அனந்தலக்ஷ்மி அழுதார்.

இணையத்தில் தேடினார்கள், இல்லை. பழைய ஹூஸ்டன் சிநேகிதிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். பாதிப் பேருக்கு அப்படியொரு புத்தகம் வந்த ஞாபகமே இல்லை. கடைசியில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கும் பர்வதம். நெருங்கிய தோழி. எப்போது பார்த்தாலும், "உன் நாவலை அழுதுண்டே படிச்சேன்டி" என்று சொல்லுகிறவள். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமாக அனந்தலக்ஷ்மி பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

"இருக்கும்டி, நான் எதையும் தூக்கிப் போட மாட்டேனே. வா, தேடலாம்."

சுந்தரராமன் காரோட்ட, வலிக்கிற முழங்காலை நீட்டியபடி ஃப்ரீவேயில் அத்தனை தூரம் போனார். பர்வதம் வீட்டில் கொலுப் பரிசுகளுக்கென்றே ஒரு க்ளாஸெட். எவர்சில்வர் கிண்ணங்கள், பிளாஸ்டிக் டப்பாக்கள், யாருக்கும் பொருந்தாத நிறத்தில் ரவிக்கைத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பேறிய ஒரு பை. வாய் ஸ்டேப்ளர் போட்டபடியே இருந்தது. பர்வதம் பிரித்தாள். உலர்ந்து கறுத்த வெற்றிலை, பாக்குப் பொட்டலம், புத்தம் புதிதாக ‘பூர்ணிமாவின் வெள்ளாடு’.

பர்வதத்தின் முகத்தை அனந்தலக்ஷ்மி பார்க்கவே இல்லை. அழுதுகொண்டே படித்த அந்த ஒருத்தியும் இல்லையா?

"அன்னிக்கு உன் மனசு நோகப்படாதேன்னு சொன்னேன்டி. அப்பறம் அதையே சொல்லிண்டிருந்துட்டேன்." பர்வதத்தின் குரல் இறங்கிவிட்டது.

"விடு. நீ படிக்காம வச்சதாலதான் இப்போ லைப்ரரிக்கு ஆச்சு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "குடு, கிளம்பறோம்."

பர்வதம் கொடுக்கவில்லை. புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டுப் போங்கோ. குழம்பு, ரசம் எல்லாம் இருக்கு, நீயே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போனவள்தான்.

சுந்தரராமன் சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனார். அனந்தலக்ஷ்மிக்குச் சாதம் இறங்கவில்லை. கோபமா, துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே பக்கம் புரளும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. வெயில் சாயும் நேரத்தில் அறைக் கதவு திறந்தது.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முக்கால்வாசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி பர்வதம் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏண்டி, ரங்கனை வித்துடுவாளா?"

இந்தக் கேள்வியை அனந்தலக்ஷ்மியிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை.

"நான் சொல்ல மாட்டேன், போய்ப் படி" என்றார். எழுந்துபோய்த் தட்டில் சாதம் போட்டுக்கொண்டார். நல்ல பசி.