ஒற்றைச் சேருக்கு நான்கு போல்ட்டு

என் மனைவி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். மகளின் பேறுகாலத்துக்கென்று போனவள், பேரன் தவழட்டும், நடக்கட்டும், மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். நானும் ஒரு தடவை போனவன்தான். குளிரில் மூக்கொழுகி, மாப்பிள்ளை வீட்டில் டிவி போடத் தெரியாமல் விழித்து, போதுமடா சாமி என்று திரும்பிவிட்டேன். ஆகவே பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் நானும், ஆளுயரத்துக்கு நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களும்தான்.

அவற்றை அவளுக்காகத்தான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும், ஒண்டியாக இருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தது பஸ்ஸில். மேட்டுப்பாளையம் ரோட்டில் பாட்டுப் போடாத பிரைவேட் பஸ்ஸை அந்தக் காலத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். நான் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், அவள் மில் வேலைக்காரி. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். எந்தச் சீட்டுக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. முன்பக்கத்தில் அவளுக்கும் அப்படி ஒரு சீட் இருந்ததாம். வீட்டில் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். காபித் தட்டோடு வந்து நின்றது அந்த முன்சீட்டுக்காரி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே பஸ், அதே ஏற்பாடு. தாலி கட்டிவிட்டேன் என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்காரவா முடியும்? நல்ல பாட்டு வந்தால் அவள் லேசாகத் திரும்பிப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். அவ்வளவுதான் எங்கள் சரசம். அப்புறம் ஷிஃப்ட், குழந்தை, வீடு என்று ஓடிப்போயிற்று.

"ஒரு பாட்டாவது உங்க பக்கத்துல உக்காந்து முழுசாக் கேக்கோணுமுங்க" என்பாள்.

"ரிட்டயர் ஆகட்டும் புள்ள, அதுதான் வேலையே" என்பேன்.

ரிட்டயர் ஆனேன். அவள் விமானம் ஏறிவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அந்தப் பஸ்ஸின் சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. கடையில் விற்கிற பெட்டி ஸ்பீக்கரில் அது வராது. பஸ்ஸில் பெட்டியே கிடையாது. கூரைப் பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டியிருப்பார்கள், பின்பக்கம் திறந்தே கிடக்கும். இப்படிச் செய்வதற்கு ஓப்பன் பேஃபிள் என்று பெயர் இருப்பதை யூடியூப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கர் முன்னாலும் பாடும், பின்னாலும் பாடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு பலகை வேண்டும். பலகை பெரிதானால் அடிச்சத்தம் நன்றாக இறங்கும். அதனால் கதவு அகலத்துக்குக் கனமான பிளைவுட்டாகப் பார்த்து வாங்கினேன்.

அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கு மனசே ஒப்பவில்லை.

"ஏனுங்க, பின்னாடி மூடறதுக்குப் பலகை வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

"பல்லி கில்லி பூந்துருமுங்க."

"பூந்து பாட்டுக் கேட்டுட்டுப் போகட்டுமுங்க."

மனுஷன் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பலகைகளைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது, முன்னால் இழுத்து வைக்க வேண்டும். ஹாலில் பாதி போயிற்று. நூல் கட்டி, டேப் பிடித்து, இரண்டையும் ஒரே கோணத்துக்குத் திருப்பினேன். கேட்கிற இடமும் சரியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு பலகைக்கும் மத்தியில், கண்ணெதிரே நின்று பாடுவதுபோல் இருக்கும். ஒரு சாண் தள்ளினாலும் போச்சு. கூட்டிப் பெருக்க வரும் பெண் அங்கே போட்ட சேரைத் தினமும் நகர்த்திவிடுவாள், நான் தினமும் கத்துவேன். வாழ்நாளெல்லாம் பம்புக்கும் மோட்டாருக்கும் அலைன்மென்ட் பார்த்து ஃபவுண்டேஷன் போல்ட்டு போட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? டைல்ஸில் ட்ரில் போட்டு, சேரின் நாலு காலையும் போல்ட்டு வைத்து இறுக்கிவிட்டேன். அசைத்துப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. எனக்கு என்ன பெருமை!

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு ஹாலைப் பார்த்தபடி நின்றாள்.

"இதென்னங்க கூத்து? எந்த ஊட்டுக் கதவைக் கழட்டியாந்து வெச்சிருக்கீங்க?"

"பேசாம உக்காரு புள்ள."

சேரில் உட்காரவைத்தேன். பஸ்ஸில் அவள் திரும்பிப் பார்க்கும் பாட்டு ஒன்றைப் போட்டேன். முதல் வரியிலேயே அவள் முகம் மாறிவிட்டது. பழக்கதோஷம், லேசாகப் பின்னால் திரும்பினாள். நான் அங்கே இல்லை. நிற்க இடமில்லாமல் பலகைக்குப் பக்கவாட்டில், சமையலறை வாசலில் நின்றிருந்தேன். திறந்த பலகைக்கு நேர்ப் பக்கவாட்டில் முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். எனக்குப் பாட்டு ஈனசுரத்தில்தான் கேட்டது.

"நீங்க எங்கீங்க உக்காருவீங்க?"

ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். இத்தனை மாதம், இத்தனை நூல், இத்தனை டேப்; இன்னொரு சேர் வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவள் குனிந்து சேரின் காலைப் பார்த்தாள். போல்ட்டைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரித்ததால் வந்த கண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஸ்பேனரை எடுத்துக் கழற்றினேன். தரையில் இருந்த போல்ட்டு ஓட்டைகளுக்கு இந்தப் பக்கம் ஒரு சேர், அந்தப் பக்கம் ஒரு சேர். இருவரும் உட்கார்ந்தோம். பாட்டு ஓடியது.

"உங்களுக்கு எந்தப் பக்கம் கேக்குது?"

"இடது பக்கம்."

"எனக்கு வலது பக்கமுங்க" என்றாள். என் முழங்கை மேல் அவள் கை இருந்தது. பாடுகிறவரின் குரல் இருவருக்குமே நேராக வரவில்லை. பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவள் இருந்த நாளெல்லாம் சாயங்காலம் அப்படித்தான் கேட்டோம்.

பேரன் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கமாட்டேன் என்று அழுகிறானாம். மகள் போனில் தேம்பினாள். இவள் மறுபடி பெட்டி கட்டினாள். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, "சேருக்குப் போட்ட போல்ட்டை எனக்குப் போட்டிருக்கோணும் நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நேற்றுப் போனில் கூப்பிட்டாள். பாட்டைப் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். கொரகொரவென்று கேட்கிறது என்றாள். பிறகு, "நாந்தான் இல்லீங்களே, சேரை நடுவுல இழுத்துப் போட்டு நல்லாக் கேளுங்க" என்றாள்.

நடுவில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். அந்த நாலு ஓட்டைக்குமேல் சேரின் காலை வைத்தால் போதும், குரல் கண்ணெதிரே வந்து நிற்கும். நான் என் பக்கத்துச் சேரிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சேர் காலியாக இருந்தது.

"இல்ல புள்ள. எனக்கு இடது பக்கமே கேக்கட்டும். நீ வந்துரு."