திருக்கோணமலைக் கதவு

எங்கள் ஊரில் வீடு என்பது பெண்ணுடையது. கல்யாணம் முடித்த ஆண், உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். வாப்பாவும் அப்படிக் கல்முனைக்கு வந்தவர்தான். என்ன, கொஞ்சம் தூரத்திலிருந்து வந்துவிட்டார், திருக்கோணமலைத் துறைமுகத்திலிருந்து. கடைத்தெருவில் தையல் மெசின் போட்டு ஊரில் பாதிப்பேருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த பிறகும் ஊர் அவரைத் 'திருக்கோணமலையார்' என்றே கூப்பிட்டது. நாங்கள் இருந்த வீடோ 'போடியார்ட மகள்ட வீடு'. போடியார் என்பது வயலும் வளவுமாக வாழ்ந்து மவுத்தாகிப்போன உம்மாவின் வாப்பா. மவுத்தானவரின் பேர் வீட்டுக்கு இருந்தது, உயிரோடு இருந்தவரின் பேர் இல்லை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது உம்மாவின் பழைய மண்வீட்டை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டினார்கள். முன்னுக்கு நின்று கட்டுவித்தவர் மாமா, உம்மா 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன். கல் அவருடையது, மரம் அவருடையது, வளவில் கேட்ட சத்தமெல்லாம் அவருடையது. சுவர் எழும்பி, முன்வாசலுக்கு இடம் விட்டிருந்த நேரத்தில்தான், வெள்ளைக்காரனின் கப்பற்படை திருக்கோணமலையை விட்டுப் போகிறதாம், அவர்கள் இருந்த பங்களாக்களின் பழைய சாமான்கள் விலைக்கு வருகிறதாம் என்று கதை வந்தது. வாப்பா தையல் மெசினை மூடிவைத்தார்.

"முன்கதவு என்ட பொறுப்பு மச்சான்," என்றார் மாமாவிடம்.

"இஞ்ச இல்லாத கதவா? நம்மட ஓடாவி நாளைக்கே செஞ்சி தருவான்."

"செய்வான். ஆனா நான் கொண்டுவாறன்."

மாமாவின் பேச்சுக்கு வாப்பா மறுபேச்சுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கப்பல் பார்க்க வேண்டுமென்று நானும் அழுது அடம்பிடித்து, கருவாட்டு லொறி ஒன்றில் அவரோடு தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஆற்று வாய்கள். அப்போது பல இடங்களில் பாலம் கிடையாது. 'பாதை' என்று சொல்கிற தட்டையான தெப்பத்தில் லொறியை ஏற்றிக் கயிறு பிடித்து இழுத்துக் கரை சேர்ப்பார்கள். ஒவ்வொரு துறையிலும் காத்திருந்து காத்திருந்து, கருவாட்டு வாசம் என் சட்டையில் குடியேறிவிட்டது.

நான் நினைத்த மாதிரிக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கவில்லை. மலைகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய துறைமுகம் குளம் போல அசையாமல் கிடந்தது. அழுகை வந்தது. கடைத்தெருவில் மான்கள் ஆடுமாடு போல நடந்து திரிந்து வாழைப்பழத் தோல் தின்றதைக் கண்டு அழுகையை நிறுத்தினேன். அதைவிட ஆச்சரியம், அங்கே எல்லாரும் வாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் நிமிர்ந்து நடந்தார், உரக்கச் சிரித்தார். யாரோ ஒரு புது மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு போவது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது அந்தப் பங்களா. தேக்குக் கதவு, பித்தளைப் பிடி. மற்றச் சாமான்கள் எதையும் வாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ட வாப்பா இஞ்சதான் வெள்ளைக்காரனுக்குச் சமைக்கிற கோக்கியா இருந்தவர், மகள். அவருக்கு வீட்டுச் சோறு கொண்டு வந்தா, குசினிப் பக்கத்தால வந்து குசினிப் பக்கத்தாலயே போவன். இந்தக் கதவால ஒருநாளும் போனதில்ல."

சொல்லிவிட்டு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். வெளியே வந்து என் கையைப் பிடித்து என்னையும் ஒருதரம் உள்ளே கூட்டிப்போனார். அதற்குப் பிறகுதான் கழற்றச் சொன்னார்.

திரும்பி வரும்போது நல்ல மழை. இருந்த ஒரே படங்கைக் கதவுக்குப் போர்த்தினார். நானும் அவரும் நனைந்தோம். இதை உம்மாவிடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொல்ல இடம் கிடைக்கவில்லை. கதவு வாசலுக்குள் அடங்கவில்லை. உயரத்திலும் அகலத்திலும் ஒரு சாண் பெரிதாக இருந்தது.

"கீழாலயும் பக்கத்தாலயும் அறுத்தாச் சரி," என்றார் மாமா.

"இதில வாள் வைக்க ஏலாது மச்சான்."

"அப்ப சுவர உடைக்கவா? இது ஆர்ட வீடு எண்டு மறந்து போச்சா?"

மேசன்மார் வேலையை நிறுத்திவிட்டார்கள். வாப்பா தலையைக் குனிந்தார். கதவின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் நின்ற நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. திருக்கோணமலையில் கண்ட அந்த உரத்த மனிதர் எங்கே போனார் என்று கோபமாக வந்தது.

வளவில் போட்டிருந்த ஓலைக் குசினிக்குள்ளிருந்து உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தா. மாமாவின் முகத்துக்கு முகம் பார்த்து உம்மா கதைத்து நான் கண்டதில்லை.

"என்ட வீடு காக்கா," என்றா. பிறகு மேசனைப் பார்த்து, "சுவர உடைங்க. அந்தக் கதவு போற அளவுக்கு உடைங்க," என்றா.

மேசன் மாமாவைப் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான், அலவாங்கை எடுத்தான். புதுச்சுவர் பொலபொலவென்று விழுந்தது. எனக்கு அது பெருநாள். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், குடிபுகுந்த அன்றுதான் திரும்பி வந்தார். வந்தவர் அந்தக் கதவால்தான் வந்தார், வேறு வழி இருக்கவில்லை.

கொஞ்ச நாளைக்குப் பிறகு, சவளக்கடை ஊர்ப் பக்கமிருந்து நெல் ஏற்றி வந்த வண்டில்காரர் ஒருவர் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தினார். வாப்பா கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"திருக்கோணமலையார்ட வீடு இதுதானே?"

"எந்த வீடு?" என்றார் வாப்பா.

"திருக்கோணமலையார்ட வீடு. பெரிய கதவு போட்ட வீடு எண்டு சொன்னாங்க."

"ஆர்ட வீடு எண்டீங்க?"

வண்டில்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். நான் பயந்துபோய்க் குசினிக்கு ஓடினேன்.

"உம்மா, வாப்பாக்குக் காது கேக்குதில்ல!"

உம்மா சுளகைக் கீழே வைத்தா. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தா. முக்காட்டு நுனியால் ஏன் கண்ணைத் துடைத்தா என்று தெரியவில்லை.

"அவருக்கு நல்லாக் கேட்டிரிக்கி புள்ள," என்றா.

நான் நம்பவில்லை. அன்று பின்னேரம் முழுக்க வாப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று, உரக்க உரக்கவே கதைத்துக்கொண்டிருந்தேன்.