கடைசி வீட்டு வாசலில் ஒரு பந்தல்

எங்கள் தெருவில் யாராவது இறந்துபோனால் அரை மணி நேரத்தில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், டீ. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சாவு வீட்டை எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேதம் என்று காதில் விழுந்தால் போதும், பல வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனையும் செய்யத் தெரிந்தவர்களுக்கு உயிரோடு இருக்கிற ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சாணார்பட்டி சாலையில், நிலக்கடலை விளைந்த காட்டை மனை பிரித்து விற்ற நகர் எங்களுடையது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து வீடு கட்டினோம். வீட்டுக்கு முன்னால் காம்பவுண்டுச் சுவரைக் கட்டினோம். நலச் சங்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கண் விழித்ததும் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து குவியும். அதே ரோஜாப்பூக்காரர் தெருவில் எதிரே வந்தால் ஹெல்மெட்டைக்கூடத் தூக்க மாட்டார்.

கடைசி வீட்டில், தெருவே அக்கா என்று கூப்பிடும் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். ஸ்பின்னிங் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

மகளுக்கு அம்மாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட ஆசை. அக்காவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஓசூரில் மகளும் மருமகனும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அதுவரை மூடிய ஃபிளாட்டுக்குள் டிவியோடு கிடக்க வேண்டும். இங்கே அவரே கட்டிய வீடு, அவரே வைத்த முருங்கை. கடைசியில் மகள் ஒரு வழிக்கு வந்தாள். தெருக்காரர்கள் தினமும் ஒரு தடவை அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டுக் கூட்டிப்போகிறேன் என்று குழுவிலேயே எழுதிக் கேட்டாள்.

பதிலுக்கு வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. ஒருவர் இதயம் போட்டார். இன்னொருவர் தாய்மையைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பினார். நான் வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் தினமும் அக்கா வீட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன். அதை மகளிடம் சொன்னேன். "நீங்க ஊருக்குப் போனா என்ன பண்ணுறது டீச்சர்? ஒரே ஆள நம்பி எப்படி விடுறது?" என்றாள். நியாயமான கேள்வி. சங்கக் கூட்டத்தில் எழுந்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாமே என்றேன். அடுத்தவர் வீட்டுக்குள் தலையிடுவது நாகரிகமில்லை என்றார் ஒருவர். எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்றார் இன்னொருவர். தெரு மூலையில் கேமரா வைத்தால் அக்கா வீட்டு வாசலும் சேர்ந்து தெரியும் என்று சொன்னார் செயலாளர். எல்லாரும் கை தட்டினார்கள். கேமராவும் வந்தது. அந்தக் கேமரா காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்குமா என்று நான் கேட்டதற்கு, டீச்சருக்கு எப்போதும் கோபம்தான் என்று சிரித்தார்கள்.

போன மழைக்காலத்தில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. இரண்டு நாள் அய்யலூரில் இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் போனைத் திறந்தால் குழுவில் ஒரே கண்ணீர் அஞ்சலி. கடைசி வீட்டு அம்மா தவறிவிட்டார் என்று போட்டிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏறினேன். திண்டுக்கல் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார், வாங்கக்கூடத் தோன்றவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது பந்தலுக்குக் குழி தோண்டிக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். டாட்டா ஏஸில் நாற்காலிகள் வந்து நின்றன. தெருவே வாசலில் இருந்தது. ஆனால் வீட்டுக் கதவு உட்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தது யார் என்று கேட்டேன். ஒவ்வொருவராக விசாரித்ததில்தான் கதை விளங்கியது. கேட்டில் மாட்டிய பால் பாக்கெட் இரண்டு நாளாக எடுக்கப்படவில்லை. போன் அடித்தால் போகவில்லை. யாரோ சன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது அக்கா கட்டிலில் அசையாமல் கிடந்திருக்கிறார். கூப்பிட்டும் எழவில்லையாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று யாருக்கும் கதவை உடைக்கத் துணிச்சல் இல்லை. ஒருவர் குழுவில் போயிட்டாங்களோ என்று எழுத, அடுத்தவர் ஓம் சாந்தி போட, அதோடு அக்காவின் கதையை முடித்துவிட்டார்கள். செயலாளர் மகளுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார். மகள் வந்த பிறகு கதவைத் திறந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். கதவில் கை வைப்பதற்குள் உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். தலை கலைந்து, கண் உள்ளே போய், உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து இரண்டு நாள் எழவிடாமல் போட்டிருக்கிறது. முந்தின நாள் மகளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்ததோடு போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. கம்பு நடும் சத்தம்தான் அவரை எழுப்பியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், இறங்கிக்கொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"யாரு வீட்டுல கேதம்?" என்று கேட்டார்.

கேள்விக்குப் பதில் அவருக்கே புரிய அதிக நேரம் ஆகவில்லை. நான் அவரைத் தாங்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, என் கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். மகளுக்குப் போன் போட்டு அக்காவின் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மகள் கதறியது எங்களுக்கும் கேட்டது.

அதற்குள் கூட்டம் நழுவ ஆரம்பித்திருந்தது. பந்தல்காரர் கம்பைப் பிடுங்குவதா வேண்டாமா என்று புரியாமல் நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "எத்தன பேரு இன்னைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிருக்கீங்க? செத்தா லீவு போடுவீங்க, உசுரோட இருந்தா ஓடுவீங்களா?" என்று கத்தினேன். என் மாணவர்களின் பெற்றோர்கூட அங்கே இருந்தார்கள். இருந்தால் என்ன.

செயலாளர் தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டினார். அப்போதுதான் அக்காவின் குரல் எழுந்தது. அந்தக் காய்ச்சலிலும் மில் குரல் அப்படியே இருந்தது.

"ஏ அப்பு, கேத வீட்டுலதான் சொல்லாமப் போவாக. நான் உக்காந்துருக்கேன்ல, சொல்லிட்டுப் போ."

அவர் நின்றுவிட்டார். திரும்பி, "போயிட்டு வாரேன்க்கா" என்றார்.

"எப்ப வருவ?"

அந்த மனிதர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாயங்காலம் என்றார். அவருக்குப் பின்னால் நழுவப் பார்த்த ஒவ்வொருவரையும் அக்கா அதே மாதிரி பிடித்துக் கேட்டார். நாளைக்கு, நாளைக்கழித்து, ஞாயிற்றுக்கிழமை என்று ஆளுக்கொன்று சொல்லித்தான் வெளியேற முடிந்தது. நான் ஆட்டோ பிடித்து அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

மத்தியானம் மகள் வந்து சேர்ந்தாள். வந்த கையோடு அம்மாவின் துணிமணிகளை ஒரு பெரிய பையில் அடைத்து, வாசலை ஒட்டி வைத்துவிட்டாள். காலையில் கிளம்புவதென்று முடிவு. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் செயலாளர் உண்மையாகவே வந்தார், ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவோடு. மகள் அவரை உட்காரச் சொல்லவில்லை. "எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்ல என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுல்ல சார். ரெண்டு நாளா பால் எடுக்கலைன்னு சொல்ல மட்டும் இல்லையா?" என்று கேட்டாள். அவர் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அக்காதான் எழுந்து உட்கார்ந்து அவருக்கு நாற்காலியைக் காட்டினார். பிறகு மகளிடம், "இவன் வந்துட்டான். நாளைக்கு ஆளு வருதான்னு பாப்போம். வரலைன்னா நானே கெளம்புறேன்" என்றார்.

மறுநாளும் ஆள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு மகள் தனியாக ஓசூருக்குத் திரும்பினாள். இன்று யார் வந்தது என்று தினமும் போனில் கேட்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் பாசத்தில் வரவில்லை, தன்னுடைய முறையன்று வராமல் அதனால் அக்கா கிளம்பிப் போய்விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாதே என்ற பயத்தில் வருகிறார்கள். பயத்திலாவது வரட்டும். என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

வாசலை ஒட்டி இன்னும் அப்படியே இருக்கும் பையிலிருந்து துணிமணிகளை எடுத்து பீரோவில் அடுக்கட்டுமா என்று போன வாரம் அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அன்றைக்கு முறைக்காரி, எதிர்வீட்டுப் பெண், வாசலில் இருந்த அந்தப் பையைச் சுற்றி நடந்து உள்ளே வந்தாள்.